சர்வரையும் சேமிப்பகத்தையும் இணைக்கும் ஃபைபர் சேனல் அட்டை: பினாங்கில் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் இரவு பகலாக இயங்கும் தொழிற்சாலைகளின் சர்வர் அறைகளில் வேலைக்குச் சேரும் நம் பிள்ளைகள் ஈதர்நெட் வலைப்பின்னலை ஓரளவு பழகிவிட்டே வருகிறார்கள். ஐபி முகவரி, சுவிட்ச், விலான் என்றால் தயங்காமல் பதில் சொல்வார்கள். ஆனால் சர்வரின் பின்புறத்தில் இரண்டு ஒளியிழைக் கேபிள்கள் செருகப்பட்டிருக்கும் அந்தச் சிறிய அட்டையைக் காட்டி, "புது சர்வருக்கும் இதே மாதிரி ஒன்று போட்டு, சேமிப்பகத்திலிருந்து இரண்டு டெராபைட் எடுத்துக் கொடுங்கள்" என்று மேலாளர் சொன்னால் எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாமல் நின்றுவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. விலை உயர்ந்த இந்தச் சாதனங்களைப் பயிற்சிக்கூடங்களில் பார்ப்பது அரிது. அட்டையைத் தேர்ந்தெடுப்பதிலிருந்து, கேபிளைப் பிடுங்கிச் சோதித்துப் பார்ப்பது வரை வேலை எந்த வரிசையில் நடக்க வேண்டும் என்பதை இந்தக் கட்டுரை சொல்கிறது.

வரிசை என்ற சொல்லை வேண்டுமென்றேதான் பயன்படுத்துகிறேன். சர்வரையும் சேமிப்பகத்தையும் ஒளியிழை வழியே இணைக்கும் ஃபைபர் சேனலில் முதலில் ஒளி வர வேண்டும், பிறகு சுவிட்சில் அட்டை பதிவாக வேண்டும், பிறகு யார் யாரோடு பேசலாம் என்று சொல்லும் ஸோன் அமைய வேண்டும், பிறகு சேமிப்பகம் லன்னை, அதாவது சர்வருக்கு டிஸ்க்காகத் தெரியும் தன் ஒரு பங்கை, ஒதுக்க வேண்டும், கடைசியாக மல்டிபாத் என்ற மென்பொருள் அந்த லன்னுக்குப் போகும் பல வழிகளை ஒன்றாகக் கட்ட வேண்டும். கீழ்ப்படி சரியாகாமல் மேற்படியைத் தொட்டுப் பயனில்லை. டிஸ்க் தெரியவில்லை என்றதும் சர்வரை மறுபடி மறுபடி இயக்கிப் பார்ப்பவர்கள் இழக்கும் நேரமெல்லாம் இந்த வரிசையை விட்டதால் வருவதுதான்.

அட்டையின் வேலை

சர்வருக்குள் இருக்கும் டிஸ்க்கோடு இயங்குதளம் பெரும்பாலும் ஸ்கஸி எனப்படும் டிஸ்க் கட்டளைகளில் பேசுகிறது. அதே கட்டளைகளை ஃபைபர் சேனல் சட்டகங்கள் எனப்படும் தரவுப் பொட்டலங்களுக்குள் வைத்து, ஒளியாக மாற்றி, வேறொரு ரேக் அடுக்கில் இருக்கும் சேமிப்பகத்துக்கு அனுப்புவதுதான் ஹெச்பிஏ எனப்படும் இந்த அட்டையின் வேலை. புதிய சாதனங்களில் ஃபிளாஷ் டிஸ்க்குகளுக்கான என்விஎம்இ கட்டளைகளும் இதே வழியில் போகின்றன. இயங்குதளத்தைப் பொறுத்தவரை வந்து சேர்வது ஒரு சாதாரண டிஸ்க்தான். அது பக்கத்து அறையில் இருக்கிறது என்பது அதற்குத் தெரியாது.

1994-இல் அமெரிக்கத் தர நிறுவனமான ஆன்சியின் ஒப்புதல் பெற்ற இந்தத் தொழில்நுட்பம் இன்னும் நிலைத்து நிற்பதற்கு முக்கியமான ஒரு காரணம் உண்டு. பெறும் முனை "என்னிடம் இத்தனை சட்டகங்களுக்கு இடம் இருக்கிறது" என்று முன்கூட்டியே கணக்குக் கொடுக்கிறது. அந்தக் கணக்கு தீர்ந்துவிட்டால் அனுப்பும் முனை காத்திருக்கிறது. இதற்கு பஃபர் கிரெடிட் என்று பெயர். ஆகவே நெரிசலில் சட்டகங்களைக் கீழே போட்டுவிட்டு மறுபடி கேட்கும் பழக்கம் இங்கே இல்லை. டேட்டாபேஸ் நடத்துபவர்கள் இந்த அட்டையை விட மறுப்பதற்கு இதுவே பெரிய காரணம்.

சந்தையில் நீங்கள் பெரும்பாலும் பார்க்கப்போவது எமுலெக்ஸ், கியூலாஜிக் என்ற இரண்டு பெயர்களைத்தான். சர்வர் நிறுவனத்தின் முத்திரை மேலே ஒட்டியிருந்தாலும் உள்ளே இருக்கும் சில்லு இந்த இரண்டில் ஒன்றாகவே பெரும்பாலும் இருக்கும். கியூலாஜிக் இன்று மார்வெல் நிறுவனத்தின் கையில் இருக்கிறது. எமுலெக்ஸின் கதை பினாங்குக்காரர்களுக்குச் சற்று நெருக்கமானது: 1972-இல் பாயான் லெப்பாஸுக்கு வந்த ஹியூலெட் பேக்கார்டின் குறைகடத்திப் பிரிவு 1999-இல் ஏஜிலென்டாகப் பிரிந்து, 2005-இல் அவாகோவாகி, அந்த அவாகோ 2015-இல் எமுலெக்ஸை வாங்கி, அடுத்த ஆண்டே பிராட்காம் என்ற பெயரை எடுத்துக்கொண்டது.

வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டியவை

வேகம் 8, 16, 32, 64 கிகாபிட் என்று இரட்டித்துக்கொண்டே போகிறது. ஒவ்வொரு தலைமுறையும் தனக்கு முந்தைய இரண்டு தலைமுறைகளோடு பேசும். 32 கிகாபிட் அட்டை 16-லும் 8-லும் இறங்கி இணையும், 4-இல் இணையாது. உங்கள் சுவிட்ச் 8 கிகாபிட் என்றால் 64 கிகாபிட் அட்டை வாங்குவது பணவிரயம் மட்டுமல்ல, அந்த இணைப்பே எழாது. ஆகவே முதலில் சுவிட்சின் வேகத்தையும் அதில் செருகியிருக்கும் ஒளி மாட்யூலின் வேகத்தையும் எழுதிக்கொள்ளுங்கள். 32 கிகாபிட் சுவிட்சாக இருந்தும் செலவைக் குறைக்க 16 கிகாபிட் மாட்யூல்களைப் போட்டு வைத்திருக்கும் அறைகள் உண்டு.

அடுத்தது சர்வரின் பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட். இரண்டு போர்ட் கொண்ட 32 கிகாபிட் அட்டை, ஒரு திசையில் போர்ட்டுக்கு ஏறத்தாழ 3,200 மெகாபைட்டாக, மொத்தம் நொடிக்கு 6,400 மெகாபைட் கேட்கக்கூடியது. மூன்றாம் தலைமுறை ஸ்லாட்டில் எட்டுத் தடங்கள் இருந்தால் ஏறத்தாழ 7,900 மெகாபைட் கிடைக்கும்; நான்கு தடங்கள் மட்டும் இருந்தால் அதில் பாதிதான். வெளித்தோற்றத்தில் எட்டுத் தட நீளமுள்ள ஸ்லாட்டில் மின் இணைப்பு நான்கு தடங்களுக்கு மட்டும் கொடுக்கப்பட்டிருப்பது சர்வர்களில் சகஜம் என்பதால், நீளத்தை நம்பாமல் சர்வரின் கையேட்டைப் பாருங்கள்.

அட்டையின் ஓரத்தில் இருக்கும் உலோகத் தகட்டை மறந்துவிட வேண்டாம். தட்டையான சர்வர்களில் பல ஸ்லாட்டுகள் குட்டைத் தகட்டையே ஏற்கும். பெட்டியில் நெட்டை, குட்டை இரண்டும் வரும் என்று எதிர்பார்த்து, நள்ளிரவில் திறந்து பார்த்தால் ஒன்றுதான் இருக்கும். பகலிலேயே பெட்டியைத் திறந்து பார்த்துவிடுவது நல்லது.

இவை எல்லாவற்றையும்விட முக்கியம், சேமிப்பக நிறுவனம் வெளியிடும் பொருத்தப் பட்டியல். அட்டையின் மாதிரி, ஃபர்ம்வேர் பதிப்பு, டிரைவர் பதிப்பு, இயங்குதளம், சுவிட்ச் ஆகிய ஐந்தும் ஒரே வரியில் அந்தப் பட்டியலில் இருக்க வேண்டும். ஒரே சர்வரில் பல மெய்நிகர் சர்வர்களை ஓட்டும் விஎம்வேரின் ஈஎஸ்எக்ஸ்ஐ 7.0 பழைய லினக்ஸ் வழி டிரைவர்களைக் கைவிட்டதால், நேற்றுவரை ஓடிய பல அட்டைகள் மேம்படுத்தலுக்குப் பிறகு காணாமல் போயின. கோலாலம்பூரில் லோ யாட் பிளாசாவிலோ இணையச் சந்தையிலோ மலிவாகக் கிடைக்கும் பழைய அட்டையை வீட்டில் பழகுவதற்குத் தாராளமாக வாங்குங்கள், அலுவலகத்துக்கு வேண்டாம்.

இரண்டு போர்ட் உள்ள ஓர் அட்டையா, ஒரு போர்ட் உள்ள இரண்டு அட்டைகளா என்ற கேள்வி வரும். என் தேர்வு, இடம் இருந்தால் இரண்டு அட்டைகள். கேபிள், சுவிட்ச், மாட்யூல் எல்லாவற்றையும் இரட்டையாக வைத்துவிட்டு, நடுவில் அட்டையை மட்டும் ஒற்றையாக விடுவதற்கு நியாயம் இல்லை. தொழிற்சாலையின் உற்பத்தித் தளத்தோடு சம்பந்தமில்லாத சர்வர் என்றால் ஓர் அட்டை போதும்.

கேபிளும் அதன் முனையும்

அறைக்குள் ஓடுபவை பெரும்பாலும் 850 நானோமீட்டர் ஒளியைக் கடத்தும் மல்டிமோட் கேபிள்கள். ஆரஞ்சு நிற உறை பழைய ஓஎம்1, ஓஎம்2 வகைகளுக்கு உரியது. நீலப்பச்சை ஓஎம்3-க்கும் ஓஎம்4-க்கும் உரியது. மஞ்சள், தொலைதூர சிங்கிள்மோட் கேபிளுக்கு உரியது. 16 கிகாபிட்டில் ஓஎம்3 கேபிள் 100 மீட்டர் வரையும் ஓஎம்4 கேபிள் 125 மீட்டர் வரையும் தாங்கும். 32 கிகாபிட்டில் அவை முறையே 70, 100 மீட்டராகக் குறைகின்றன. ஒரே அறைக்குள் இது பிரச்சினையே அல்ல. மாடி விட்டு மாடி, கட்டடம் விட்டுக் கட்டடம் போகும்போதுதான் கணக்குப் பார்க்க வேண்டும். அப்போது நடுவில் இருக்கும் பேட்ச் பேனல்களின் இழப்பையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

அட்டையின் மாட்யூல் ஃபைபர் சேனலுக்கு உரியதா என்று பாருங்கள். பத்து கிகாபிட் ஈதர்நெட் மாட்யூலும் இதுவும் கண்ணுக்கு ஒன்றுபோலவே இருக்கும், துளையிலும் சரியாகவே பொருந்தும். ஆனால் இணைப்பு எழாது.

இந்த வேலையில் அதிகம் அலட்சியம் செய்யப்படுவது கேபிள் முனையின் தூய்மை. இன்றைய மல்டிமோட் இழையில் ஒளி ஓடும் மையப்பகுதியின் குறுக்களவு வெறும் 50 மைக்ரான், தலைமுடியைவிட மெலிது. உறையிலிருந்து இப்போதுதான் எடுத்த கேபிளாக இருந்தாலும், தூசித் தொப்பியைக் கழற்றியதும் எல்சி இணைப்பியின் வெள்ளை நிறப் பீங்கான் முனையைப் பேனா வடிவத் துடைப்பானில் வைத்து, டிக் என்ற ஓசை வரும்வரை அழுத்துங்கள். இரட்டை முனை என்பதால் இரண்டு முறை. பிறகு முனை எதிலும் படாமல் நேராக மாட்யூலுக்குள் செலுத்தினால் அங்கேயும் ஒரு டிக் ஓசை வரும். அந்த ஓசை வராத கேபிள் உள்ளே நிற்பதுபோல் தெரிந்தாலும், அடுத்தவர் அடுக்குக் கதவைச் சாத்தும்போது நழுவிவிடும். முனையை வாயால் ஊதுவதும் சட்டையில் துடைப்பதும் கூடாது. உள்ளே எட்டிப் பார்ப்பதும் கூடாது. அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது, கண்ணை மட்டும் பாதிக்கும்.

கேபிளைச் செங்குத்தாக மடிக்காமல் அகலமான வளைவாக விடுங்கள். பிளாஸ்டிக் கட்டுகளை இறுக்குவதைவிட துணிப் பட்டை நல்லது. செருகுவதற்கு முன்பே இரு முனைகளிலும் சர்வரின் பெயர், அட்டை எண், போர்ட் எண், சுவிட்ச் போர்ட் ஆகியவற்றை அச்சிட்டு ஒட்டிவிடுங்கள்.

பொருத்தும் இரவு

மாற்றத்துக்கான அனுமதியும் நேரமும் கிடைத்த பிறகே சர்வரை நிறுத்த வேண்டும். நேரத்தைத் தேர்ந்தெடுக்கும்போது நாட்காட்டியையும் பாருங்கள். தைப்பூச ரதம் ஜார்ஜ்டவுன் சாலைகளில் நகரும் இரவில், விட்டுப்போன ஒரு கேபிளுக்காக யாரையும் அங்கே அனுப்பி எடுத்துவரச் செய்ய முடியாது.

சர்வரை முறையாக நிறுத்தி, இரண்டு மின் கேபிள்களையும் கழற்றி, நிலைமின் பட்டையைக் கையில் கட்டிக்கொள்ளுங்கள். நம் ஊர்க் காற்று ஈரமானது, நிலைமின் வராது என்று சிலர் சொல்வார்கள். குளிரூட்டி இரவு பகலாக ஓடும் அறைக்குள் அந்த ஈரம் இல்லை.

மேல்மூடியைத் திறந்து அட்டையைச் செருகுவதற்கு முன் ஒரு நிமிடம் நிறுத்துங்கள். அட்டையின் மேல் ஒட்டியிருக்கும் சிறு தாளில் பட்டைக்குறியோடு ஒரு நீண்ட எண் இருக்கும். அதைக் கைப்பேசியில் தெளிவாகப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மூடி மூடிய பிறகு அந்தத் தாளை மறுபடி பார்க்க வேண்டுமானால் சர்வரையே மறுபடி நிறுத்த வேண்டியிருக்கும்.

பிறகு அட்டையின் விளிம்பைப் பிடித்து, ஸ்லாட்டில் நேராக வைத்து, இரு முனைகளிலும் சமமாக அழுத்தி, தகட்டைப் பூட்டுங்கள். மின்சாரம் கொடுத்து, பயோஸ் பட்டியலில் அட்டை தெரிகிறதா என்று பார்த்துவிட்டு இயங்குதளத்துக்குள் போகலாம். லினக்ஸில் எல்எஸ்பிசிஐ கட்டளை அட்டையைக் காட்டும். எமுலெக்ஸுக்கு எல்பிஎஃப்சி டிரைவரும், கியூலாஜிக்குக்கு கியூஎல்ஏ2எக்ஸ்எக்ஸ்எக்ஸ் டிரைவரும் தானாகவே ஏறியிருக்கும். விண்டோஸில் டிவைஸ் மேனேஜரிலும், ஈஎஸ்எக்ஸ்ஐயில் ஸ்டோரேஜ் அடாப்டர்கள் பக்கத்திலும் பாருங்கள். ஃபர்ம்வேரைப் பொருத்தப் பட்டியலில் உள்ள பதிப்புக்குக் கொண்டுவர இதுவே சரியான நேரம். சேமிப்பகத்தின் மேல் வேலை ஏறிய பிறகு அதற்கு இன்னொரு அனுமதி, இன்னொரு இரவு.

பதினாறு இலக்க எண்

ஒவ்வொரு போர்ட்டுக்கும் உலகில் வேறெங்கும் இல்லாத 64 பிட் எண் ஒன்று உண்டு. எண்களும் ஏ முதல் எஃப் வரையான எழுத்துகளும் கலந்த பதினாறு இலக்கங்களாக, இரண்டிரண்டாகப் பிரித்து எழுதுவார்கள். டபிள்யூடபிள்யூபிஎன் என்று சொல்லப்படும் இதுதான் போர்ட்டின் அடையாளம். இனி ஸோனிங்கும் லன் ஒதுக்கீடும் இந்த எண்ணை வைத்தே நடக்கும்.

தொல்லை எங்கே வருகிறது என்றால், அட்டைக்கு டபிள்யூடபிள்யூஎன்என் என்ற இன்னொரு எண்ணும் உண்டு. அது முனையின் (நோட்) எண். போர்ட்டின் எண் அல்ல. இரண்டும் மென்பொருள் திரையில் அடுத்தடுத்து நிற்கும், கடைசி இலக்கங்களும் ஒத்திருக்கும். எமுலெக்ஸ் அட்டையின் போர்ட் எண் வழக்கமாக 10:00 என்று தொடங்கும். கியூலாஜிக்கின் போர்ட் எண் 21:00 என்றும், பழைய இரட்டைப் போர்ட் அட்டைகள் பலவற்றில் இரண்டாம் போர்ட் 21:01 என்றும் தொடங்கும். முனை எண் இரண்டிலும் பெரும்பாலும் 20:00 என்று தொடங்குகிறது. நீங்கள் நகலெடுத்த எண் 20-இல் தொடங்கினால், ஒட்டுவதற்கு முன் இன்னொரு முறை பாருங்கள்.

எண்ணைக் கையால் தட்டாதீர்கள். எட்டும் 'பி'யும் சிறிய எழுத்தில் ஒன்றுபோல் தெரியும். திரையிலிருந்து நகலெடுத்து, எடுத்து வைத்த படத்தோடு ஒப்பிட்டு, எந்த எண் எந்த ஃபேப்ரிக்குக்கு, அதாவது எந்தச் சுவிட்ச் வலைப்பின்னலுக்கு, போகிறது என்ற குறிப்போடு மாற்றப் படிவத்தில் சேர்த்துவிடுங்கள்.

ஸோனிங்

கேபிளைச் செருகியதும் சுவிட்சின் போர்ட் விளக்கு நிலையாக எரிய வேண்டும். எரியவில்லை என்றால் கேபிளின் ஒரு முனையில் இரு இழைகளையும் இடம் மாற்றிப் பாருங்கள். அனுப்பும் இழை எதிர்முனையின் பெறும் துளைக்குத்தான் போக வேண்டும். விளக்கு எரிந்த பிறகு, சுவிட்சில் அந்தப் போர்ட்டுக்கு நேராக உங்கள் அட்டையின் எண் தெரிய வேண்டும். தெரிந்தால் அட்டை சுவிட்சில் பதிவாகிவிட்டது என்று பொருள். டிஸ்க் இன்னும் தெரியாது, தெரியவும் கூடாது.

ஒரே ஃபேப்ரிக்கில் இருக்கும் சாதனங்களில் யார் யாரோடு பேசலாம் என்று சொல்வதுதான் ஸோன். ஒரு ஸோனில் ஒரேயொரு சர்வர் போர்ட், அதனோடு அதற்குத் தேவையான சேமிப்பகப் போர்ட்டுகள் என்பதே பாதுகாப்பான வழக்கம். வேலையைக் குறைப்பதற்காகப் பத்து சர்வர்களை ஒரே ஸோனில் கொட்டிவிட்டால், ஒரு சர்வர் மறுபடி இயங்கும்போது எழும் அறிவிப்பு மற்ற ஒன்பதையும் தொடும். பெயரையும் படித்தால் புரியும்படி வையுங்கள்: சர்வரின் பெயர், அட்டை, போர்ட், சேமிப்பகத்தின் பெயர்.

ஒழுங்காக அமைந்த அறையில் ஏ, பி என்று ஒன்றோடொன்று இணையாத இரண்டு ஃபேப்ரிக்குகள் இருக்கும். சர்வரின் முதல் போர்ட் ஏ-யிலும் இரண்டாவது பி-யிலும் போக வேண்டும். ஸோனை எழுதுவது ஒரு வேலை, அதைக் கொண்ட முழுத் தொகுப்பை நடைமுறைக்குக் கொண்டுவருவது இன்னொரு வேலை. பிராகேட் சுவிட்சிலும் சிஸ்கோ எம்டிஎஸ் சுவிட்சிலும் இந்த இரண்டாவது கட்டம் உண்டு. புதியவர்கள் இதை மறந்துவிட்டு, எழுதிய ஸோன் ஏன் வேலை செய்யவில்லை என்று தேடுவார்கள். அதைவிட ஆபத்தானது, தவறான பழைய தொகுப்பை நடைமுறைக்குக் கொண்டுவருவது. அந்த நொடியில் அந்த ஃபேப்ரிக்கில் உள்ள எல்லா சர்வர்களும் தங்கள் வழியை இழக்கக்கூடும். ஆகவே மாற்றுவதற்கு முன் இப்போதைய அமைப்பைக் கோப்பாகச் சேமித்து வைத்து, ஏ-யில் மட்டும் மாற்றி, எல்லா சர்வர்களும் நலமாக இருப்பதை உறுதிசெய்த பிறகே பி-யைத் தொடுங்கள். இரண்டையும் ஒரே மூச்சில் மாற்றும் துணிச்சல் யாருக்கும் வேண்டாம்.

லன் ஒதுக்கீடு

சேமிப்பகத்தில் உங்கள் சர்வருக்கு ஓர் ஹோஸ்ட்டை உருவாக்கி, இரண்டு போர்ட் எண்களையும் அதில் சேர்த்து, இயங்குதள வகையைச் சரியாகத் தேர்ந்து, லன்னை ஒதுக்குங்கள். பிறகு சர்வரில் மறுபடி தேடச் சொன்னால் டிஸ்க் வந்து நிற்கும். சர்வரை மறுபடி இயக்கத் தேவையில்லை.

விண்டோஸ் அந்த டிஸ்க்கைப் பார்த்ததும் "தயார்படுத்தட்டுமா" என்று கேட்கும். ஆம் என்று சொல்வதற்கு முன், லன்னின் அளவும் அடையாள எண்ணும் சேமிப்பகத்தில் உள்ளவையோடு ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். வேறொரு சர்வரின் லன் தவறுதலாக உங்கள் பக்கம் வந்திருந்தால், அந்த ஒரு சொடுக்கில் அவர்களுடைய தரவு போய்விடும். அதேபோல, ஒரு லன்னை, சேர்ந்து இயங்கும் கிளஸ்டர் அமைப்பு இல்லாத இரண்டு சர்வர்களுக்கு ஒரே நேரத்தில் கொடுக்கக் கூடாது. ஈஎஸ்எக்ஸ்ஐயின் விஎம்எஃப்எஸ் கோப்பு முறை, பல சர்வர்கள் ஒரே லன்னைப் பகிர்வதற்கென்றே அமைந்தது. விண்டோஸின் சாதாரண என்டிஎஃப்எஸ் அப்படி அல்ல.

மல்டிபாத்தும் சோதனையும்

சர்வரில் இரண்டு போர்ட், ஒவ்வொன்றும் இரண்டு சேமிப்பகப் போர்ட்டுகளைப் பார்க்கிறது என்றால் ஒரே லன் நான்கு வழிகளில் வருகிறது. மல்டிபாத் இல்லாத இயங்குதளம் அதை நான்கு தனித்தனி டிஸ்க்குகள் என்று நம்பும். லினக்ஸில் டிஎம் மல்டிபாத், விண்டோஸில் எம்பிஐஓ வசதி ஆகியவற்றை நிறுவி, சேமிப்பக நிறுவனம் பரிந்துரைக்கும் அமைப்புகளை இடுங்கள். ஈஎஸ்எக்ஸ்ஐயில் இது உள்ளேயே இருக்கிறது. வழிகளின் பட்டியலில் நான்கு வரிகள் தெரிய வேண்டும். அவற்றில் இரண்டு முதன்மை வழிகளாகவும் இரண்டு மாற்று வழிகளாகவும் நிற்பது பல சேமிப்பகங்களில் இயல்பு. அதைப் பழுது என்று நினைக்க வேண்டாம்.

இப்போது சோதனை. லன்னின் மேல் ஒரு பெரிய கோப்பை எழுத விட்டு, எழுத்து நடந்துகொண்டிருக்கும்போதே ஏ பக்கக் கேபிளைச் சுவிட்சின் முனையில் பிடுங்குங்கள். எழுத்து சில நொடிகள் தயங்கலாம், நிற்கக் கூடாது. பட்டியலில் இரண்டு வழிகள் விழுந்ததாகத் தெரிய வேண்டும். கேபிளை மறுபடி செருகி, அந்த இரண்டும் தாமாகவே எழுந்து வருவதைக் கண்ணால் பார்த்த பிறகே பி பக்கத்தைப் பிடுங்க வேண்டும். இந்தச் சோதனை ஐந்து நிமிட வேலைதான், ஆனாலும் பலர் இதைத் தவிர்த்துவிட்டு வீட்டுக்குப் போகிறார்கள். ஏ, பி என்று இரண்டு கேபிள்களும் ஒரே சுவிட்சுக்குப் போயிருப்பது போன்ற பிழைகள் இந்தச் சோதனையில்தான் வெளிப்படும்.

புறப்படுவதற்கு முன் சுவிட்சில் உங்கள் இரண்டு போர்ட்டுகளின் பிழைக் கணக்கையும் பூஜ்யமாக்கிவிடுங்கள். மறுநாள் வேலை ஏறிய பிறகு பார்த்தால், வழியில் சட்டகம் சிதைந்ததைக் காட்டும் சிஆர்சி பிழை பூஜ்யமாகவே இருக்க வேண்டும். எண் ஏறியிருந்தால் முதலில் கேபிள் முனையைத் துடையுங்கள், பிறகு கேபிளை மாற்றுங்கள், பிறகு மாட்யூலை மாற்றுங்கள். ஒவ்வொன்றுக்கும் பிறகு கணக்கைப் பூஜ்யமாக்கிவிட்டுக் காத்திருங்கள். பிராகேட் சுவிட்ச், சட்டகத்தின் முடிவைக் காட்டும் குறி நல்லபடியாக இருந்தும் சிஆர்சி பிழைபட்ட சட்டகங்களைத் தனி வரிசையில் எண்ணுகிறது. அந்த வரிசை ஏறினால் பழுது அந்தப் போர்ட்டில் செருகியிருக்கும் இணைப்பிலேயே இருக்கிறது. அது பூஜ்யமாக இருந்து பொதுவான சிஆர்சி மட்டும் ஏறினால் பழுது வேறெங்கோ தோன்றி இங்கே வந்து சேர்ந்திருக்கிறது, உங்கள் கேபிளைக் கழற்ற வேண்டாம்.